ஆஸ்துமாக்காரர் கால் மரத்துப்போகிறது என்று சொன்னால்

சிங்கப்பூரின் பலதுறை மருந்தகங்களிலும் புளோக்குக்குக் கீழே உள்ள கிளினிக்குகளிலும் பணிபுரியும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். நடுவயதில் ஆஸ்துமா வந்து, சைனஸும் விடாமல் படுத்தும் ஒருவர், "டாக்டர், ஒரு கால் மட்டும் மதமதன்னு இருக்கு" என்று சொன்னால், தயவுசெய்து அதைச் சர்க்கரையின் கணக்கிலோ முதுகுவலியின் கணக்கிலோ எழுதிவிடாதீர்கள்.

என் அண்ணனுக்கு அப்படித்தான் எழுதினார்கள். முதலில் வலது பாதத்தில் எரிச்சல், அப்புறம் மரப்பு. சில நாளில் முன்பாதத்தைத் தூக்க வரவில்லை. நடக்கையில் செருப்பு கழன்று பின்னால் கிடந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. அண்ணிதான் எடுத்து வந்தார். முதுகுத்தண்டு ஸ்கேன், பிசியோதெரபி என்று காலம் ஓடியது. இடது கை விரல்களும் மரத்த பிறகுதான், ரத்தத்தில் இயோசினோஃபில் என்ற ஒருவகை வெள்ளை அணுக்கள் எகிறியிருப்பது ஒருவர் கண்ணில் பட்டது.

நோயின் பெயர் இ.ஜி.பி.ஏ. (Eosinophilic Granulomatosis with Polyangiitis). 1951-இல் சர்க், ஸ்ட்ராஸ் என்ற இருவர் விவரித்ததால் நெடுநாள் அவர்கள் பெயராலேயே அழைக்கப்பட்டது. சிறு ரத்தக்குழாய்கள் அழற்சியால் அடைபடும் நோய். நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் மெல்லிய குழாய்கள் அடைபட்டால் அந்த நரம்பு பட்டினியில் சாகிறது. சர்க்கரையால் வரும் மரப்பு பெரும்பாலும் இரண்டு பாதத்திலும் ஒன்றுபோல, மெல்ல ஏறும். இது ஒரு காலில் சட்டென்று வரும், பிறகு எங்கோ ஒரு கையில்.

நோயாளியைக் குதிகாலால் நாலு அடி நடக்கச் சொல்லுங்கள். ரத்த அணுக்களையும் சிறுநீரையும் பரிசோதியுங்கள். இழுப்புக்காக அண்மையில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவருக்கு இயோசினோஃபில் குறைத்துக் காட்டும், ஆகவே பழைய ரிப்போர்ட்டையும் திறந்து பாருங்கள். சந்தேகம் வந்தால், மாதக்கணக்கில் காத்திருக்க விடாமல் உடனே இத்தகைய அழற்சி நோய்களைப் பார்க்கும் ருமட்டாலஜி நிபுணரிடம் அனுப்புங்கள். ஸ்டீராய்டும், தேவைப்பட்டால் சைக்ளோஃபாஸ்ஃபமைடோ ரிட்டுக்சிமாபோ கொடுத்து அழற்சியை அடக்க முடியும். ஆனால் அழிந்த நரம்பு இழை மறுபடி வளர்வது நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். முழங்காலிலிருந்து பாதம் வரை எத்தனை மாதம் என்று நீங்களே கணக்குப் போடலாம். சிலருக்கு முழுசாகத் திரும்புவதும் இல்லை.

நெஞ்சுக்கு ஒரு நிபுணர், மூக்குக்கு ஒருவர், முதுகுக்கு இன்னொருவர் என்று அவரவர் பங்கை மட்டும் பார்க்கிறார்கள். 2023-இல் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் எங்கள் குடும்ப மருத்துவராக இருக்கும் உங்களால்தான் மூன்றையும் சேர்த்துப் பார்க்க முடியும். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். கேட்டால்கூட முதலில் "ஒண்ணுமில்ல" என்பார்கள். இன்ஹேலர் எழுதிக் கொடுக்கும்போது கை கால் மரப்பு உண்டா என்று இன்னொரு தடவை கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தங்கை, ஈசூன்