பாப்பாவுக்கு அம்மா எழுதுறது

பாப்பா, நல்லா இருக்கியா? மாப்பிள்ளை நல்லா இருக்காரா? அங்க குளிர் ஜாஸ்தின்னு நியூஸ்ல பாத்தேன், ஸ்வெட்டர் போடாம வேலைக்கு ஓடாத. இங்க பெரம்பூர்ல எப்பவும் போலதான். அப்பாவுக்கு சுகர் பரவாயில்ல, காலைல வாக்கிங் போறாரு. ஃபோன்ல பேசினா, இங்கிலாந்துல பல் டாக்டரா பதிஞ்சுக்க நீ எழுதற அந்த ஓஆர்இ பரீட்சைன்னு நான் வாயெடுக்கறதுக்குள்ள "அம்மா அப்புறம் பேசறேன்"னு வெச்சிடற, அதான் எழுதிடலாம்னு உக்காந்தேன். கோவப்படாம முழுசா படி.

போன வாரம் பெயின்ட் ஷாப் மாமா வந்திருந்தாரு. ஞாபகம் இருக்கா, நீ ஃபைனல் இயர்ல பல் செட்டுக்கு பேஷன்ட் கிடைக்கலன்னு அழுதப்ப அப்பா ஐசிஎஃப் ரயில் பெட்டி ஃபேக்டரில இருந்து கூட்டிட்டு வந்தாரே, அவரேதான். பார்க் ஸ்டேஷன்ல மாறி கோட்டை ஸ்டேஷன்ல இறங்கி உங்க காலேஜுக்கு எத்தனை நடை நடந்தாரு மனுஷன், அளவெடுக்க ஒரு நாள், கடி பாக்க ஒரு நாள், மெழுகுல பல்லு வெச்சு காட்ட ஒரு நாள்னு. பாதில நின்னுட்டா நீ முடிக்க வேண்டிய கேஸ் கணக்குல ஒண்ணு போயிடும்னு லீவ் போட்டு வந்தாரு. அந்த செட்டு இப்ப கீழ் வரிசை கொஞ்சம் லூஸா இருக்காம். எலும்பு தேயத் தேய லூஸ் ஆகும், உள்பக்கம் மறுபடி மெட்டீரியல் வெச்சு சரி பண்ணனும்னு நீ அப்பவே சொல்லிருந்தியே, அதை நான் சொன்னேன், பக்கத்துலயே கிளினிக் இருக்கு காட்டுங்கன்னேன். கேக்க மாட்டேங்கறாரு. "டாக்டரம்மா வரட்டும்"ங்கறாரு. நான் என்ன பதில் சொல்றது, காபி போட உள்ள போயிட்டேன்.

நீ கிளினிக்ல நர்ஸ் டிரெய்னியா இருக்கறதுல எனக்கு ஒரு குறையும் இல்ல, அதை முதல்ல தெரிஞ்சிக்க. சேர் பக்கத்துல நின்னு எச்சில் உறிஞ்சற சக்ஷன் பிடிச்சாலும் பல்லு பக்கத்துலதானே இருக்க. அத்தைதான் "அஞ்சு வருஷம் டாக்டருக்கு படிச்சிட்டு நர்ஸா"ன்னு இழுத்தாங்க, கவர்மென்ட் காலேஜ்ல மெரிட்ல சீட்டு வாங்கின பொண்ணு அவ, எப்ப என்ன பண்ணணும்னு அவளுக்கு தெரியும்னு வெடுக்குனு சொல்லிட்டேன். அவங்க இன்னொரு விஷயமும் கேட்டாங்க, அதை இங்க எழுதல. ஆனா பாப்பா, பக்கத்துல நிக்கறது வேற, நீயே கைல எடுத்து செய்யறது வேற. கை விட்டுப்போச்சுன்னா திரும்ப வர்றது கஷ்டம். ஓஆர்இல பார்ட் ஒன்னு வெறும் எழுத்துப் பரீட்சை, அதை பாஸ் பண்ணிட்ட. பார்ட் டூல பொம்மைத் தலைல மூணு மணி நேரம் பல்லு கடையணும்னு நீதானே சொன்ன. சக்ஷன் பிடிச்சா அது வராது.

ஃபர்ஸ்ட் இயர் மெழுகு பல்லு ஞாபகம் இருக்கா? டைனிங் டேபிள் பூரா மெழுகு துருவல், ஃபேன் போட்டா பறக்கும்னு வியர்வைல உக்காந்து சுரண்டுவ. மேல் கடவாப் பல்லு ஒண்ணு, உள்பக்கம் குட்டியா அஞ்சாவது மேடு ஒண்ணு வரணும், கராபெல்லின்னு என்னவோ பேரு சொல்லுவ, அது சரியா வரலன்னு முழு பல்லையும் தூக்கிப் போட்டுட்டு ராத்திரி ஒரு மணிக்கு புது கட்டைய எடுத்த. எனக்கு டார்ச் அடிச்சு கண்ணாடில என் பல்லுலயே அந்த மேட்ட காட்டின. முன்ன பின்ன எனக்கு அப்படி ஒண்ணு என் வாய்ல இருக்கறதே தெரியாது. அந்த பல்லு இன்னும் ஷோகேஸ்ல இருக்கு, வெயில்ல உருகிடக்கூடாதுன்னு உள் தட்டுல வெச்சிருக்கேன். நீ பாட்டில்ல பிடுங்கின பல்லு சேத்து வெச்சிருந்தியே, பாட்டி பாத்து கத்தினதும் ஊரே கூடிச்சே, அதை மட்டும்தான் தூக்கிப் போட்டேன்.

உன் புக்ஸ ஜூனியர் யாருக்காவது குடுத்துடுன்னு மெசேஜ் போட்டிருந்த. குடுக்கல. யாரும் கேட்டும் வரல, நானும் யார்கிட்டயும் சொல்லல. எதுக்கு திடீர்னு குடுக்கச் சொல்றன்னு கேட்டா இடத்த அடைக்குதுன்னு சொல்லுவ. பரண்ல என்ன இடம் பாப்பா.

பார்ட் டூ எழுத இடம் கிடைக்காததுக்கு நீ என்ன பண்ணுவ. புக்கிங் திறந்த உடனே காலியாகுது, உலகம் பூரா இருந்து டாக்டருங்க அதே லண்டன் பரீட்சைக்கு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்காங்க. முன்னாடி இந்த பரீட்சை இல்லாமலே, பல் சுத்தம் பண்ற ஹைஜீனிஸ்ட், தெரபிஸ்ட்டா பதிஞ்சிட்டு வேலை பாத்தவங்க இருந்தாங்களாம், அந்த வழியையும் 2023 மார்ச்ல மூடிட்டாங்கன்னு உன் கிளாஸ்மேட் அம்மா சொன்னாங்க. அவங்க பொண்ணு கனடா போயிட்டா, அங்கயும் முதல்ல ஒரு எழுத்துப் பரீட்சை, அப்புறம் ஒட்டாவா போய் கைவேலை பரீட்சையாம். எந்த ஊருக்குப் போனாலும் கையதான் பாக்கறாங்க. இங்கிலாந்துலயே ராயல் காலேஜ்ல, ஓஆர்இக்கு பதிலா எழுதற எல்டிஎஸ்னு இன்னொரு பரீட்சையும் இருக்குன்னு நீயே முன்ன சொல்லிருக்க, அதையும் ஒரு தடவை விசாரிச்சு வை.

பாரு, 2024 பிப்ரவரில பிரிஸ்டல்ல ஒரு பல் கிளினிக்ல அந்த ஊர் கவர்மென்ட் வைத்தியம் என்ஹெச்எஸ்ல பேஷன்ட் சேத்துக்கறாங்கன்னு தெரு நீளத்துக்கு ஜனம் நின்னு போலீஸ் வந்து ஒழுங்குபடுத்தினாங்களே, அந்த வீடியோவ அப்பா இன்னும் ஃபோன்ல வெச்சிருக்காரு. பல்வலியோட அவ்ளோ பேர் நிக்கற ஊர்ல என் பொண்ணு பல்லு பாக்கத் தெரிஞ்சும் பாக்க முடியாம இருக்கான்னு எனக்கு வயிறு எரியுது. உன்ன திட்டல. திட்டற மாதிரி இருந்தா மன்னிச்சுக்கோ.

பணம்தான் காரணம்னா சொல்லு. பார்ட் டூ ஃபீஸ் மட்டும் நம்ம காசுக்கு லட்சக்கணக்குல ஆகும்னு தெரியும், டிரெய்னிங் கோர்ஸ் அது தனி. மாப்பிள்ளைகிட்ட கேக்க கூச்சப்படற, உன் குணம் எனக்குத் தெரியாதா. நான் கட்டற ஏலச்சீட்ட தை மாசம் எடுக்கறேன், அப்பா பிஎஃப்ல கொஞ்சம் தொடாம இருக்கு. அதை உனக்குன்னுதான் வெச்சிருக்கோம். பல்லு கடையற பழைய ஹேண்ட்பீஸ், பிளாஸ்டிக் பல் செட்டு ஏதாவது வாங்கிக்க, தினமும் ஒரு மணி நேரம் கடை. வேலை முடிஞ்சு வந்து அசதியா இருந்தாலும் அரை மணி நேரமாவது. கை விட்டுடாத பாப்பா.

வேணாம்னே முடிவு பண்ணிட்டன்னா அதையும் வாயத் திறந்து சொல்லு. கேட்டுக்கறேன், அழ மாட்டேன். சொல்லாம இருக்காத.

இங்க டென்டல் கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் ரினியூ பண்ண என்ன பேப்பர் வேணும்னு அப்பா கேக்கறாரு, நீ கையெழுத்து போட்டு ஸ்கேன் அனுப்பினா போதும்னா அவரே அலைஞ்சிடுவாரு. அங்க இருந்தாலும் இங்க இருக்கற நம்பர் உயிரோட இருக்கணும், உன் மேல புகார் ஒண்ணும் இல்லன்னு கவுன்சில் குடுக்கற குட் ஸ்டாண்டிங் சர்டிஃபிகேட்டுக்கும் அதுதான் கேப்பாங்க. அப்புறம் பார்ட் ஒன்னு முதல் தடவை எழுதின தேதில இருந்து அஞ்சு வருஷத்துக்குள்ள பார்ட் டூ முடிக்கணும்னு சொன்னியே, அது எந்த மாசத்தோட முடியுதுன்னு மட்டும் ஒரு மெசேஜ் போடு, சீட்டு எடுக்கறத அதுக்கு ஏத்த மாதிரி சொல்லி வெச்சிக்கறேன்.

அம்மா