ஆய்வுப் பணியிடங்களுக்கு ஆள் தேர்ந்தெடுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வுக்கும் அதற்குப் பிந்தைய ஆய்வுப் பணிகளுக்கும் நீங்கள் வெளியிடும் அறிவிப்புகளைப் பார்த்து விண்ணப்பித்து வருபவர்களில் நானும் ஒருத்தி. தகுதி போதாது என்று ஒதுக்கினால் ஏற்றுக்கொள்வேன். பரிந்துரைக் கடிதம் வந்து சேரவில்லை என்பதற்காகப் படித்தே பார்க்காமல் ஒதுக்குவதைத்தான் ஏற்க முடியவில்லை.

அண்மையில் ஓர் ஆய்வு நிறுவனத்தின் தளத்தில் ஆய்வு முன்மொழிவு, மதிப்பெண் சான்றிதழ்கள், கட்டுரைப் பட்டியல் அனைத்தையும் பதிவேற்றிய பிறகு, பரிந்துரைப்போர் மூவரின் மின்னஞ்சல் கேட்கப்பட்டது. என் முதுநிலை ஆய்வின் நெறியாளர் ஓய்வு பெற்றவர். பல்கலைக்கழக முகவரி பணியோடு போய்விட்டதால் அவரிடம் இருப்பது தனிப்பட்ட முகவரி மட்டுமே. அதை இட்டதும், ‘நிறுவன முகவரி மட்டுமே ஏற்கப்படும்’ என்று சிவப்பு எழுத்தில் மறுப்பு வந்தது. என் வேலையை அருகிலிருந்து பார்த்தவரை விட்டுவிட்டு, ஒரே ஒரு பருவம் பாடம் எடுத்தவரின் பெயரைக் கொடுத்தேன். அவர் களப்பணியிலிருந்து திரும்புவதற்குள், கடிதத்தைப் பதிவேற்ற அவருக்கு அனுப்பப்பட்ட இணைப்பு காலாவதியாகி, ‘விண்ணப்பம் முழுமையற்றது’ என்ற தானியங்கி மடல் எனக்கு வந்து சேர்ந்தது.

எங்கள் முதன்மையான கோரிக்கை இதுதான்: முதற்கட்டத் தேர்வில் தேறியவர்களுக்கு மட்டும் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். ஓர் இடத்துக்கு 100 பேர் விண்ணப்பித்து 5 பேரை நேர்காணலுக்கு அழைத்தால், 300 கடிதங்களில் 285 எதற்காக எழுதப்பட்டன? அவற்றை எழுதியவர்களும் உங்களைப் போன்ற பேராசிரியர்களே. மாணவர் முதல் 1 விழுக்காட்டிலா, 5 விழுக்காட்டிலா என்று குறிக்கச் சொல்லும் கட்டமும் அதிலேயே உண்டு. விண்ணப்பிக்கும் அனைவருமே முதல் 5 விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும் அதிசயம் அங்குதான் நிகழ்கிறது.

ஆய்வாளர்களைப் பணியமர்த்துவதற்கென ஐரோப்பிய ஆணையம் 2005-இல் வெளியிட்ட நெறிமுறை, தேர்வு முறையையும் இடங்களின் எண்ணிக்கையையும் முன்கூட்டியே தெரிவிக்கவும், தேர்வு முடிந்தபின் விண்ணப்பத்தின் நிறைகுறைகளைச் சொல்லவும் பரிந்துரைத்தது. குறையைச் சொல்வது இருக்கட்டும், இடம் நிரம்பிவிட்டது என்ற ஒரு வரிகூட வருவதில்லை. உதவித்தொகை எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு என்று சொல்லாத அறிவிப்புகளும், குறிப்பிட்ட கருவியில், குறிப்பிட்ட மென்பொருளில், குறிப்பிட்ட உயிரினத்தில் மூன்றாண்டு அனுபவம் கேட்கும் அறிவிப்புகளும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அப்படிப்பட்டவர் உங்கள் ஆய்வகத்திலேயே அமர்ந்திருக்கிறார் என்றால் அவருக்கே ஆணை வழங்கிவிடலாமே. எங்களை எதற்கு அழைக்கிறீர்கள்?

கோபத்தில் சற்று விலகிவிட்டேன், பொறுத்தருள்க. பரிந்துரைக் கடிதங்களை முதற்கட்டத் தேர்வுக்குப் பின் கேட்குமாறும், அப்போது எழுதுபவருக்கு இரண்டு வாரமேனும் அவகாசம் தருமாறும், ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் தனிப்பட்ட முகவரியையும் ஏற்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். அடுத்த அறிவிப்பை வெளியிடும் முன் இதைச் செய்ய இயலுமா என்று தெரிவித்தால் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
விண்ணப்பதாரர்களில் ஒருத்தி