அப்பாவுக்கு, வீடு வாங்குவது பற்றி

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் ஓய்வுக்காலப் பணத்தை எடுத்து அனுப்புகிறேன், கடன் இல்லாமல் முழுப்பணமும் கொடுத்து வீட்டை வாங்கு என்று எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு நானும் அவரும் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். இந்த மனசு யாருக்கு வரும்?

ஆனால் அந்தப் பணம் வேண்டாம் அப்பா. நாங்கள் வீட்டுக் கடன் வாங்கத்தான் போகிறோம்.

வட்டியைப் பற்றி நீங்கள் பயப்படுவது சரிதான். போன வாரம் வங்கியில் தவணை அட்டவணையை என் பக்கம் திருப்பி வைத்தார்கள். ஒரு லட்சம் கடன், 6 சதவீத வட்டி, 30 வருஷம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 600. முதல் மாதத் தவணையில் வட்டி 500, அசலில் கழிவது 100தான். அந்த வரியிலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தேன். அசலில் பாதி தீரவே 21 வருஷம் ஆகிறது. முடியும்போது கட்டியிருப்பது 2 லட்சத்து 15 ஆயிரத்துக்கு மேல். அதே கடனை 15 வருஷத்தில் கட்டினால் தவணை 844 ஆகிறது. மொத்த வட்டியோ 1 லட்சத்து 16 ஆயிரத்திலிருந்து 52 ஆயிரத்துக்கு இறங்கிவிடுகிறது. அதனால் 15 வருஷக் கடன்தான் கேட்டிருக்கிறோம்.

முழுப்பணம் கொடுப்பவர்களிடம் விற்பவர்கள் விலையிலும் கொஞ்சம் இறங்கி வருவார்கள், அதுவும் எனக்குத் தெரியும்.

அப்படியும் ஏன் கடன் என்றால், நாங்கள் இந்த நாட்டில் இருப்பதே அவருடைய வேலையை நம்பித்தான். விசாவும் அதோடு கட்டியது. நாளைக்கு அந்த வேலை போனால், அவசரத்துக்குப் போய் நிற்க இங்கே நமக்கு ஒரு வாசல் கிடையாது. இருக்கிற காசையெல்லாம் சுவரில் போட்டுவிட்டால் அதை நினைத்த நேரத்தில் திரும்ப எடுக்க முடியாது. சம்பளம் வரும்போதுதான் வங்கி கடன் தரும். சம்பளம் நின்ற பிறகு, கடனில்லாத வீட்டையே காட்டினாலும் யோசிப்பார்கள். அதனால் எங்கள் சேமிப்பில் பெரும்பகுதியை முன்பணமாகக் கட்டிவிட்டு, ஒரு வருஷத் தவணைக்கும் சாப்பாட்டுக்கும் ஆகிற தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டோம். அது கையில் இருக்கிற தைரியத்தில்தான் கையெழுத்துப் போடப்போகிறேன்.

அப்புறம், உங்கள் பணம் உங்களுக்கு வேண்டும். அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் என்று நீங்கள் சொல்லும் அன்றைக்கு நான் எதை விற்று அனுப்புவேன்? ஒரு ஜன்னலைப் பெயர்த்து விற்க முடியுமா?

கூடுதலாகப் பணம் வரும்போது அசலில் கட்டினால் அபராதம் உண்டா என்று இரண்டு முறை கேட்டேன். இந்தக் கடனில் இல்லை என்றார்கள். அதை ஒப்பந்தத்தில் எழுதியும் காட்டினார்கள். முதல் சில வருஷங்களில் கட்டுகிற ஒவ்வொரு கூடுதல் தொகையும் மீதிக் காலம் முழுவதற்குமான வட்டியைக் குறைக்கும் என்பதால், வருஷா வருஷம் அவருக்கு வரும் போனஸை அப்படியே அசலுக்குக் கொடுத்துவிடுவதாக முடிவு செய்திருக்கிறோம்.

அட்டவணையைப் படம் பிடித்துத் தம்பியின் ஃபோனுக்கு அனுப்பியிருக்கிறேன். அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். ஓய்வுக்காலப் பணத்தை எடுக்க மனு கொடுத்திருந்தால் நாளைக்கே போய் அந்த மனுவைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.

உங்கள் அன்பு மகள்