ஆங்கிள்சீயில் ஒரு நாள் இறங்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

ஆஸ்திரேலியாவில் பிள்ளைகளைப் பார்க்க வருகிறவர்களுக்காக நீங்கள் வெளியிட்ட பயணக் கட்டுரையைப் படித்தேன். விக்டோரியா மாநிலத்தின் கடலோரச் சாலையான கிரேட் ஓஷன் ரோட்டை ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம் என்று எழுதியிருந்தீர்கள். திரும்பலாம்தான், ஆனால் நாள் முழுக்கப் பஸ் ஜன்னலோரமே போய்விடும். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் 1919 முதல் 1932 வரை பாடுபட்டுப் போட்ட சாலை அது. ஜீலாங்கில் குடியிருக்கிறவள் சொல்கிறேன், ஒரு நாள் அந்தச் சாலையிலுள்ள கடற்கரை ஊரான ஆங்கிள்சீயில் இறங்கிவிடுங்கள். மெல்பர்னிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர்தான்.

போன ஜனவரியில் ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவோடு போனோம். முதலில் அங்குள்ள கோல்ஃப் மைதானம். கோல்ஃப் என்றதும், "அதெல்லாம் பணக்காரங்க ஆட்டம்மா" என்று தயங்கினார். இங்கே அப்படியில்லை. மட்டையை வாடகைக்கு எடுத்து, ஒன்பது குழி மட்டும் ஆடிவிட்டு வரலாம். அந்த மைதானத்தில் கங்காருக்கள் கூட்டங்கூட்டமாகப் புல் மேயும். சிலவற்றின் காதில் வண்ண வில்லை இருக்கும். மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அடையாளத்துக்காகப் போட்டவை. அப்பா அடித்த பந்து உருண்டுபோய், படுத்திருந்த ஒரு தாய்க் கங்காருவுக்கு நாலடி தள்ளி நின்றது. பையிலிருந்து குட்டி தலையை நீட்டிப் பார்த்தது. அவை எழுந்து போகிறவரை காத்திருந்தோம். பின்னால் ஆட வந்தவர்களும் முகம் சுளிக்காமல் நின்றார்கள்.

மத்தியானம் கடல். அலைச்சறுக்கு புதிதாகக் கற்பவர்களுக்கு ஏற்ற கரை அது. இங்கே கோடைக்காலமான ஜனவரியிலும் தண்ணீர் சில்லென்றுதான் இருக்கும், அதனால் உடம்போடு ஒட்டும் ரப்பர் உடை போட்டுக்கொள்ள வேண்டும். என் மகள் பத்துத் தடவை விழுந்து பதினோராவது தடவை பலகைமேல் எழுந்து நின்றாள்.

இதற்கிடையில் நான் ஒரு தவறு செய்தேன். அலை அதிகமில்லாமல் அமைதியாகத் தெரிந்த இடத்தில் இறங்கினேன். முழங்கால் ஆழம்கூடப் போயிருக்க மாட்டேன், மீட்புப் படை இளைஞர் ஒருவர் விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்தார். அலை உடையாமல் கறுத்துத் தெரிகிற இடத்தில்தான் தண்ணீர் கடலுக்குள் திரும்பி ஓடுமாம். ஆளையும் இழுத்துக்கொண்டு போய்விடுமாம். சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவே மட்டும் குளிக்க வேண்டும், கொடி இல்லாவிட்டால் இறங்கவே கூடாது என்று பொறுமையாகச் சொன்னார். இழுப்பில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துவிடாமல், மிதந்தபடி கையைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்றார். மெரினாவில் கால் நனைத்தே பழகிய நமக்கு இது தெரிவதில்லை.

அப்புறம் சாயங்காலம் ஆங்கிள்சீ ஆற்றில் சின்னத் துடுப்புப் படகு. அப்பாவே துடுப்புப் போட்டார். எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று அன்றைக்கு அவர் கேட்கவே இல்லை.

அடுத்த பயணக் கட்டுரை போடும்போது, அந்தக் கொடிகளைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி தயவுசெய்து சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஜீலாங், விக்டோரியா