மிரி கப்பலையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரச் சிறுவர் பகுதியில் வாஸ்கோ ட காமாவை ‘மாவீரர்’ என்று புகழ்ந்து வந்த கட்டுரையை என் மகள் சத்தமாக வாசித்துக் காட்டினாள். ‘இந்தியாவுக்குக் கடல்வழி கண்டுபிடித்தவர்’ என்று பள்ளியில் நானும் மனப்பாடம் செய்தவள்தான். போன விடுமுறையில் கோழிக்கோடு பக்கம் காப்பாடு கடற்கரைக்குப் போயிருந்தோம். 1498இல் அவர் வந்து இறங்கினார் என்று சொல்லும் கல்தூண் பக்கத்தில் நின்று படம்கூட எடுத்துக்கொண்டோம்.

அவர் துணிச்சலான மாலுமி, சரி. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்தது சின்னக் காரியமில்லை. ஆனால் அங்கிருந்து இந்தியாவுக்குக் கூட்டி வந்தவர், கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகமான மாலிந்தியில் கப்பலேறிய ஒரு வழிகாட்டி. பருவக்காற்றின் போக்கு தெரிந்த அவரோடு வந்தபோது கடலைக் கடக்க மூன்று வாரச் சொச்சம்தான் ஆனது. காற்று மாறும்வரை காத்திராமல் திரும்பியபோது ஏறக்குறைய மூன்று மாதம் ஆகி, ஸ்கர்வி நோயில் ஆட்கள் வரிசையாகச் செத்தார்கள். கோழிக்கோட்டில் அவருடைய ஆள் முதன்முதலில் கரையேறியபோது, அவனிடம் ஸ்பெயினின் காஸ்டிலிய மொழியிலேயே பேச துனிசியாக்காரர்கள் இரண்டு பேர் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு வந்து சேர்ந்ததைக் ‘கண்டுபிடிப்பு’ என்பது என்ன நியாயம்?

என்னை உறுத்துவது 1502இல் அவர் வந்த இரண்டாம் பயணம். மெக்காவுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த மிரி என்ற கப்பலை மலபார் கடலில் மறித்தார்கள். அதில் இருந்தவர்கள் பெரும்பணம் தருவதாகச் சொல்லியும் அவர் கேட்கவில்லை. பொருள்களைப் பறித்துக்கொண்டு, ஆட்களோடு சேர்த்துக் கப்பலுக்குத் தீ வைக்கச் சொன்னார். பெண்கள் போட்டிருந்த நகைகளைக் காட்டிக் கெஞ்சினார்கள். கைக்குழந்தைகளை உயரத் தூக்கிக் காட்டினார்கள். அப்படியும் விடவில்லை. பல நூறு பேர் செத்தார்கள்.

இதை எழுதி வைத்தவர் நம் ஊர்க்காரர் இல்லை, அதே கப்பற்படையில் வந்த தோமே லோப்பஸ். ‘அந்தக் காலம் அப்படி’ என்று சமாதானம் சொல்கிறவர்கள் அவர் எழுதியதைப் படிக்க வேண்டும். அந்த நாளை வாழ்நாள் முழுக்க மறக்க முடியாது என்கிறார். அந்தக் காலத்து மனிதருக்கே நெஞ்சு பொறுக்கவில்லை.

வாஸ்கோ ட காமாவைப் பாடத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லவில்லை. அவர் வந்ததால்தான் மலபார் கடலின் மிளகு வணிகம் பீரங்கி வைத்திருந்தவன் கைக்குப் போனது. பிள்ளைகள் அதைப் படிக்கத்தான் வேண்டும். ‘மாவீரர்’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு, மிரி கப்பலின் கதையையும் அதே சிறுவர் பகுதியில் எழுதுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இது வேண்டாம் என்று நினைக்க வேண்டாம். நான் என் மகளுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு, காப்பாட்டில் எடுத்த படத்தைக் கொண்டுவரச் சொல்லி, அந்தத் தூணை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாகர்கோவில்