தராசுக்குத் தெரியாத வேலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தொழிலாளர் தினத்தன்று தோட்டத்தில் பாராட்டு விருந்து வைக்கிறோம், மாமாதான் பேச்சு எழுதித் தரவேண்டும் என்று வாட்சப்பில் கேட்டிருந்தாய். தலைமையகம் அனுப்பிய திட்டத்தையும் கூடவே போட்டிருந்தாய். ஆளுக்கொரு சான்றிதழ், பிஸ்கட் ஹேம்பர், அதிர்ஷ்டக் குலுக்கல், பத்து நிமிட நன்றியுரை. எழுதித் தருகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. உன்னை மாதிரிப் புதிதாகச் சின்ன தொரை, அதாவது தோட்டத்துத் துணை மேனேஜர், நாற்காலியில் உட்கார்ந்த பிள்ளைகள் இன்னும் பல பேர் இருப்பார்கள், அதனால் எல்லாரும் படிக்கிற இடத்திலேயே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

காசு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். 2025 பிப்ரவரியிலிருந்து நம் மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). டன் கணக்கில் கூலி வாங்குகிறவனுக்கும் அந்தச் சட்டம் உண்டு. ஓவர்டைம், இபிஎஃப் சேமநிதி, சொக்சோ காப்புறுதி எல்லாம் ஒழுங்காகப் போகிறதா என்று செக்ரோலை, சம்பளப் பதிவேட்டை, எடுத்து நீயே பார். வெளிநாட்டுத் தொழிலாளர்களின் பாஸ்போர்ட் ஆபீஸ் பீரோவில் பூட்டிக் கிடந்தால் விருந்துக்கு முன்னால் அதைத் திருப்பிக் கொடு. அடுத்தவர் பாஸ்போர்ட்டை அதிகாரம் இல்லாமல் வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இதெல்லாம் சரியாக இல்லாத இடத்தில் மேடை போட்டு மாலை போட்டால், லயத்து வரிசை வீடுகளில் உட்கார்ந்து சிரிப்பார்கள். நம் ஜனங்களுக்கு நக்கல் கொஞ்சம் ஜாஸ்தி.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணியாக இருந்த காலத்தில் பத்தாங் பெர்ஜுந்தை (இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பேர்) பக்கம் கித்தாக் காடு, அதாவது ரப்பர் தோட்டம், இன்னும் நிறைய இருந்தது. பெரட்டு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுப்பு, முடிந்து இருட்டோடு காட்டுக்குப் போனவர்கள், வெயில் ஏறியதும் வாளியோடு பால் ஸ்டோரில் வந்து நிற்பார்கள். நிறுப்போம், மெட்ரோலாக் என்ற அளவுக் கருவியை விட்டு ரப்பர் சத்தைப் பார்ப்போம், எழுதுவோம். கூலிக் கணக்கு அவ்வளவுதான். ஆனால் பால் வெட்டில் கைத்திறன் இருக்கிற இடமே வேறு. பட்டையை எவ்வளவு ஆழம் சீவுவது என்பதில் இருக்கிறது அது. மேலாகச் சீவினால் பால் வராது. கொஞ்சம் அழுந்தினால் மரத்தில் காயம். காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், சில வருஷம் கழித்து அங்கே மறுபடி கத்தி வைக்க முடியாது. நல்ல வெட்டுக்காரி இந்த இரண்டுக்கும் நடுவில் கத்தியை ஓட்டுவாள், அதுவும் தலைவிளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரத்தில், தினமும். அவளால் தோட்டத்துக்கு வந்த லாபம் வருஷக்கணக்காகப் போன பிறகுதான் தெரியும். அன்றைய தராசில் அவளும், மரத்தைக் கொத்திக் குதறிப் பால் எடுத்தவனும் ஒன்று. சில நாள் அவன் கணக்கே கூடுதலாக இருக்கும்.

எங்களிடம் ஒரு கங்காணி இருந்தார். மரம் மரமாகப் போய்ப் பட்டையில் விரலை வைத்துத் தடவிப் பார்ப்பார். அங்கே வாயைத் திறக்க மாட்டார். மறுநாள் பெரட்டில், "மூணாம் நம்பர்ல கடைசி நெறைக்குப் போயி பட்டைய பாருங்கடா. அதுக்குப் பேர்தான் வெட்டு," என்பார். பெயர்கூடச் சொல்வதில்லை, அது யார் நிறை, யார் வெட்டுகிற மர வரிசை என்று எல்லாருக்கும் தெரியும். அந்த அம்மா தலைத்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்க்கும். அடுத்த சோதனையில் பக்கத்து நிறைக்காரர்களின் பட்டையும் திருந்தியிருக்கும். அந்தக் கங்காணி கோபக்காரர், கைச் சிக்கனமும் கூட. ஒரு டீ வாங்கிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

தராசு எண்ணுகிற வேலைக்குச் சம்பளம் இருக்கிறது, மாப்பிள்ளை. அது எண்ணாத வேலையைக் கண்ணால் பார்க்கத்தான் உன்னை அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள்.

இப்போது உன் தோட்டம் முழுக்கச் செம்பனை, எண்ணெய்ப் பனை. அங்கேயும் இதே கதைதான். காய்க்குலையை வெட்டினால் தண்டம் போட ஆள் இருக்கிறது. வெட்டித் தள்ளினால் டன் கூடும் என்று தெரிந்தும் பழுக்கட்டும் என்று விட்டு வந்தவனிடம் ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லை. உதிரிப்பழத்தில்தான் எண்ணெய் அதிகம். புல்லுக்குள் கையை விட்டு அதை ஒன்று விடாமல் பொறுக்குகிறவள் யார், மேலாக அள்ளிக்கொண்டு போகிறவள் யார் என்று உனக்குத் தெரியுமா? மழையில் பாதை சேறாகக் கிடக்கும்போதும் டிராக்டரை இறக்கி, அன்று வெட்டிய குலையை அன்றைக்கே மில்லுக்குச் சேர்க்கிற டிரைவர் யார்? குலை காட்டில் கிடந்தால் எண்ணெயில் அமிலம் ஏறும், தரம் போய்விடும். அப்படிக் கெடாமல் அவர் காப்பாற்றிய நாளுக்கெல்லாம் ரெக்கார்டு கிடையாது.

மலையமான் திருமுடிக்காரி என்ற வள்ளலிடம் சங்கப் புலவர் கபிலர் இதைத்தான் சொன்னார். அள்ளிக் கொடுப்பது சுலபம், அவரவர் தகுதியை அறிந்து கொடுப்பதுதான் கஷ்டம், அதனால் எல்லாரையும் ஒரே பார்வை பார்ப்பதை விட்டுவிடு என்று. ஹேம்பரை முந்நூறு பேருக்கும் ஒரே மாதிரி கட்டிக் கொடுப்பதில் தப்பில்லை, கொடு. அது பாராட்டில் சேராது, பண்டிகைக் கணக்கில் சேரும்.

நம் ஊர்ப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் நாட்டிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்கென்று செம்பனை நட்டார்கள். நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. குழி வெட்டியவர்களில் ஒருவர் பெயரையாவது எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? நீ பெயரிலிருந்து தொடங்கு. போன மாதம் உன் ஆபீசுக்கு வந்திருந்தபோது "அந்த பங்ளாவைக் கூப்பிடு" என்று யாரோ சத்தம் போட்டது காதில் விழுந்தது. அந்த பங்களாதேஷ்காரனுக்கும் அவன் அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கும்.

எனக்கு மேடையில் பேச வராது மாமா என்று நீ சொல்வாய். மேடை வேண்டாம். 2018இல் அமித் குமார், நிக்கலஸ் எப்ளி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், நன்றிக் கடிதம் எழுதுகிறவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். வாங்குகிறவருக்குச் சங்கடமாக இருக்குமோ என்று எழுதுகிறவர் நினைத்த அளவுக்குச் சங்கடம் இல்லை, சந்தோஷம்தான் அவர் நினைத்ததைவிட அதிகம். கூச்சம் நம் பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது. ஆகையால் பெரட்டில் ஒரு வரி சொல். நேற்று நடந்ததை இன்றைக்குச் சொல், வருஷக் கடைசி வரைக்கும் சேர்த்து வைக்காதே.

நீண்டகாலச் சேவைக்கு என்ன கொடுப்பது என்றும் கேட்டிருந்தாய். தயவுசெய்து சுவர்க்கடிகாரம் வேண்டாம். ஓய்வு பெற்றதும் தோட்ட வீட்டைக் காலி செய்துவிட்டு மகன் வீட்டு முன்னறையில் படுக்கப் போகிறவர், அதை எந்தச் சுவரில் மாட்டுவார்? ஒரே முதலாளியிடம் 10 வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்குக் கொடுக்கும் சேவை விருதுக்கு வருஷம் 2,000 வெள்ளி வரை வருமான வரி கிடையாது. அதைச் சொல்லித் தலைமையகத்திடம் பணமாகவே கேள். சான்றிதழில் அச்சடித்த வாசகத்துக்குக் கீழே, அவர் என்ன செய்தார் என்று உன் கையெழுத்தில் இரண்டு வரி எழுது.

பேச்சுக்கு எனக்கு வேண்டியது ஒரு பட்டியல். பெயர், அதற்கு எதிரே ஒரே ஒரு காரியம். "கடின உழைப்பாளி" என்று எழுதி அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன். வேலையை மேற்பார்க்கிற மண்டோரைக் கேள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக் கொட்டகை அம்மாவைக் கேள், மில்லில் இரவு ஷிப்டு பார்க்கிறவர்களைக் கேள். வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் போதும்.

அப்புறம், சாப்பாட்டை வெளியில் ஆர்டர் கொடுத்துவிடு. செலவு மிச்சம் என்று லயத்துப் பெண்களையே சமைக்கச் சொல்லிவிடாதே. அன்றைக்கு அவர்களும் பந்தியில் உட்கார வேண்டியவர்கள்.

அன்புடன்,
மாமா
பத்தாங் பெர்ஜுந்தை