டேனிஷ்காரர்கள் விற்றுவிட்டுப் போன ஊரிலிருந்து

தாலின், எஸ்தோனியா, 4 டிசம்பர்

அன்புள்ள அக்கா,

உன் பார்சல் வந்து மூன்று வாரம் ஆகிறது. பருப்புப்பொடிக்கும் நார்த்தங்காய்க்கும் நடுவே நீ மடித்து வைத்திருந்த நாலு பக்கத்தை எத்தனை தடவை படித்தேனோ, தாளெல்லாம் ஊறுகாய் வாசனை. "போனில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டாதே, கையால் எழுது" என்று திட்டியிருந்தாய். வீட்டை விற்கும் விஷயத்துக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்றுதான் தள்ளிப்போட்டேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் நன்றாக இருக்கிறேன். குளிர்தான். அதைவிட இருட்டு. ஒன்பது மணிக்கு விடிகிறது, மூன்றரைக்குப் பொழுது சாய்ந்துவிடுகிறது. பெரியம்மா இங்கே இருந்தால் மத்தியானம் தூங்கி எழுந்ததும் விடியற்காலை என்று நினைத்து வாசல் தெளிக்கப் போய்விடுவார்.

கீழ் வீட்டு ரஷ்யக்காரப் பாட்டியைப் பற்றிச் சொன்னேன் இல்லையா? எட்டு மாதமாக என் வணக்கத்துக்கு ஒரு தலையசைப்புகூடக் கிடையாது. போன வாரம் படிக்கட்டில் மறித்து, அவர் பாஷையில் ஏதோ திட்டிக்கொண்டே, என் கோட்டில் ஊக்கு குத்தி ஒரு பிளாஸ்டிக் வில்லையைத் தொங்கவிட்டார். கார் விளக்கு பட்டால் மின்னும். இருட்டில் நடப்பவர்கள் அதை மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது இங்கே சட்டம். என்னுடையது ஆந்தை வடிவம். அத்தானிடம் சொல்லாதே, சிரிப்பார்.

வேலையில் நேரத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள், பனிக்காலத்தில் வழக்கம்தானாம். அதனால் நேற்று புதன்கிழமையாக இருந்தும் பழைய ஊரைச் சுற்றிப் பார்க்கப் போனேன். தாலினில் பதிவு செய்துகொண்டவர்களுக்கு 2013-லிருந்தே பஸ்ஸும் டிராமும் இலவசம், தெரியுமா? வீரு வாசலில் இறங்கினேன். இரண்டு பக்கமும் கூம்புத் தொப்பி போட்ட கோபுரம், நடுவே கருங்கல் பாவிய தெரு. மழையில் பாசி பிடித்த நம் குளத்துப் படி மாதிரி வழுக்குகிறது. உள்ளே நகர மன்றம், 1404-ல் கட்டி முடித்தது. அதன் உச்சியில் 'வானா தோமஸ்' என்று ஒரு காவல்காரப் பொம்மை, காற்று வீசும் பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கும். எதிரே ஒரு மருந்துக் கடை. 1422-லேயே அதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள், இன்னும் மாத்திரை விற்கிறது! பக்கத்து அறையில் பழைய காலத்து மருந்துகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்: கருக்கிய தேனீ, கருக்கிய முள்ளெலி. பார்க்கக் காசு கிடையாது. வெகுநேரம் அங்கேயே நின்றேன், கதகதப்பாக வேறு இருந்தது.

சதுக்கத்தில் கிறிஸ்துமஸ் சந்தை. ரத்தம் சேர்த்த தொத்திறைச்சி, புளித்த முட்டைக்கோஸ், லவங்கப்பட்டை போட்டு வறுத்த பாதாம். வாசனையே வயிற்றை நிறைத்துவிட்டது. கையோடு கொண்டுபோயிருந்த கறுப்பு ரொட்டியில் உன் நார்த்தங்காயை வைத்துத் தின்றேன். அந்த ரொட்டி தன்பங்குக்கே புளிக்கும். கிட்டத்தட்ட பழைய சோறுதான்.

அப்புறம் மேட்டுக்கு ஏறும் வழியில் மதிலோரம் ஒரு தோட்டம். பெயர்ப்பலகையைப் படித்ததும் நின்றுவிட்டேன்: டேனிஷ் அரசர் தோட்டம். நம் தரங்கம்பாடிக்கு வந்த அதே டேனிஷ்காரர்களேதான், அக்கா! 1219-ல் இங்கே நடந்த சண்டையில் தோற்கப்போகும் நேரம் வானத்திலிருந்து அவர்கள் கொடி விழுந்ததாம், சிவப்பில் வெள்ளைச் சிலுவை. கதைதான். ஆனால் அதே கொடிதான் 1620-க்குப் பிறகு நம் கோட்டையில் பறந்தது. தாலின் என்பதே 'டேனிஷ் ஊர்' என்ற பேச்சிலிருந்து வந்தது என்கிறார்கள். இந்தப் பகுதியை 1346-ல் ஜெர்மானியப் படைத்துறவிகளுக்கு 19,000 வெள்ளி மார்க்குக்கு விற்றுவிட்டார்கள். தரங்கம்பாடியை 1845-ல், வங்காளத்து செராம்பூரையும் சேர்த்து, ஆங்கிலேயருக்கு 12.5 லட்சம் ரூபாய்க்கு. விலை பேசியபோது இரண்டு ஊரிலும் யாரையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அங்கே நின்றபோது நீயும் நானும் கோட்டைச் சுவரில் உட்கார்ந்து மாங்காய் தின்றதுதான் நினைவுக்கு வந்தது. மேட்டிலிருந்து கடல் தெரிகிறது. சாம்பல் நிறம், அலையே இல்லை. கோடையில் பிரிட்டா கடற்கரைக்குப் போனபோது தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தேன், உப்பே உறைக்கவில்லை. மீன் நாற்றமும் கிடையாது. இதையும் கடல் என்கிறார்கள். கீழே இறங்கும்போது இருட்டிவிட்டது. ஜன்னலுக்கு ஜன்னல் ஏழு விளக்கை முக்கோணமாக வைத்திருந்தார்கள், கிறிஸ்துமஸுக்கு முன்னால் அப்படி வைப்பார்களாம். நேற்று திருக்கார்த்திகை. அம்மா மாடிச் சுவர் முழுக்க அகல் வைத்தாளா? கடல் காற்றில் நின்றதா? எனக்கு வீட்டுக்கு வர வேண்டும் போல இருந்தது, அக்கா. பஸ்ஸில் உட்கார்ந்ததும் சரியாகிவிட்டது.

சரி, வீட்டு விஷயம். என் படிப்புக்காகத்தான் உன் நகை அடகுக்குப் போனது. அதை மீட்கத்தான் அத்தான் இந்தப் பேச்சை எடுத்திருக்கிறார் என்பதும் தெரியும். அவர்மேல் எனக்குத் துளிகூடக் கோபமில்லை. ஆனால் அட்வான்ஸ் வாங்கிவிட்டீர்களா, இல்லையா? அதைத் தெளிவாக எழுது. வாங்கவில்லையென்றால் சித்திரை வரை பொறுங்கள். வாங்கியாகிவிட்டது என்றால் பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன், மறுக்க மாட்டேன். சுனாமிக்கு அப்புறம் அப்பா எழுப்பிய மாடி அது, அம்மாவிடம் சொல்லாமல் மட்டும் எதுவும் செய்யாதீர்கள். சித்தப்பாவுக்கு இன்னும் தெரிய வேண்டாம், கொல்லைப் பக்கத்து எல்லையைக் கிளப்புவார். வீட்டுவரி ரசீதெல்லாம் பீரோவின் மேல்தட்டில், அப்பாவின் பச்சைப் பையில் இருக்கிறது.

நகைக்கு வட்டி கட்டும் தேதி 20 தானே? 15-க்குள் அனுப்பிவிடுகிறேன். பாதியாவது.

உன் அன்புத் தம்பி,
குட்டி